அரைமணிக்குப் பிறகுதான் ஊர் வரும்

தை பிறந்துவிட்டால் கடலூர் மாவட்டத்தில் ஊருக்கு ஒரு மேடை எழும்பிவிடுகிறது. பொங்கல் விழா, கலை இரவு, இளைஞர் மன்ற ஆண்டு விழா என்று பெயர் எதுவாக இருந்தாலும், அழைப்பிதழில் ‘கிராமியக் கலை நிகழ்ச்சிகள்’ என்று ஒரு வரி தவறாமல் இடம்பெறும். அந்த ஒரு வரிக்குள் பறை, பம்பை, கரகம், கும்மி, தெருக்கூத்து, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் அடக்கி, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பங்கிட்டுக் கொடுப்பார்கள். இடையிடையே பேசுகிறவர்கள், மண்ணின் கலைகள் அழிந்துவருகின்றன, அவற்றைக் காப்பது நம் கடமை என்பார்கள். அவர்களுடைய அக்கறையில் எனக்கு ஐயமில்லை. வசூல் போதாமல் கைக்காசைப் போட்டு விழா நடத்துகிறவர்கள் அவர்கள். ஆனாலும் அந்த மேடைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. விருத்தாசலத்துச் செம்மண் காட்டிலிருந்து வந்த பெண்ணும், பாகூர் ஏரிப் பாசனத்துப் பெண்ணும், சிதம்பரத்துக்குக் கிழக்கே உப்பங்கழி ஓரத்துப் பெண்ணும் மேடையில் ஏறியதும் ஏன் ஒரே பாட்டைப் பாடுவதுபோலக் கேட்கிறது?

சினிமாவும் கைப்பேசியும் எல்லா ஊர்ப் பாட்டையும் ஒன்றாக்கிவிட்டன என்று இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அதே பெண்கள் கழனியிலும் இழவு வீட்டிலும் பாடக் கேட்டிருக்கிறேன். அங்கே ஒருவர் பாட்டு இன்னொருவர் பாட்டாக ஒருபோதும் கேட்டதில்லை. ஊர்ப் பெயர், ஏரியின் பெயர், உறவுமுறை, அந்த வருடத்து மழை, தராமல் போன கூலி என்று அந்தந்த இடத்துப் பேச்சு முழுவதும் பாட்டுக்குள் வந்துவிடும். அப்படியானால் மாறியது பாடுகிறவர் அல்ல. மேடையில் அவருக்குக் கிடைக்காமல் போகிற ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன என்பது காடாம்புலியூருக்குத் தெற்கே, முந்திரிக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிற்றூரில், ஒரு காணும் பொங்கல் இரவில்தான் எனக்குப் பிடிபட்டது.

நடவுப் பாட்டு எப்படி நடக்கிறது

அந்த இரவைச் சொல்வதற்கு முன் நடவுப் பாட்டின் நடைமுறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நடவு வேலையில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னோக்கி நகர்ந்துகொண்டே நாற்றை ஊன்றுகிறார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். அவர்கள் திருப்பிப் பாடும் நேரம்தான் முதலில் பாடியவள் மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரம். அடுத்த அடியை யோசிக்கும் நேரமும் அதுவே. பிள்ளையாரையும் ஊர்த் தெய்வத்தையும் கூப்பிடுவது, நாற்றின் செழிப்பைச் சொல்வது, மாமன் மச்சானைச் சீண்டுவது என்று எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த அடிகளோடு பாட்டு தொடங்கும். இந்த அடிகள் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. ஆனால் ஒரு கழனியை நட்டு முடிப்பதற்குள் அந்த மனப்பாடம் தீர்ந்துபோகும். வேலையோ தீர்ந்திருக்காது. முதுகு வலிக்கிறது, வெயில் ஏறுகிறது, பாட்டு நின்றால் கை தளர்ந்துவிடும். அப்போது அடியெடுத்துக் கொடுப்பவள் கண்முன் இருப்பதை எடுத்தாக வேண்டும். வரப்பில் குடை பிடித்து நிற்கும் பண்ணைக்காரர், போன வாரம் கட்டிக்கொண்டு போன பெண், மடை திறக்காத ஏரி, கூழில் உப்பு போடாத வீடு எல்லாம் பாட்டுக்குள் வந்து விழும். அவளுக்குத் தெரிந்த சொல்லில், அவள் வீட்டில் பேசுகிற பேச்சில்தான் அவை வரும். வேறு பேச்சு எதுவும் அந்த வேகத்துக்குக் கைகொடுக்காது.

வட்டாரப் பேச்சு பாட்டுக்குள் வருவது அலங்காரத்துக்காக அல்ல, தேவையால். பொதுவான அடிகள் தீர்ந்த பிறகு, வேலை இன்னும் மிச்சமிருக்கிற அந்த நேரத்தில்தான் ஊர் தன் குரலில் பேசத் தொடங்குகிறது. ஐந்து நிமிட மேடை இந்த இடத்தை எட்டுவதே இல்லை. அங்கே நாம் கேட்பதெல்லாம் தொடக்கத்தை மட்டும்தான். எல்லா ஊர்த் தொடக்கமும் ஏறத்தாழ ஒன்று என்பதால், எல்லா ஊரும் ஒன்றாகவே ஒலிக்கிறது.

ஒப்பாரிக்கும் இதே கணக்குதான், இன்னும் கடுமையாகவே பொருந்தும். ஒப்பாரி வைப்பவளுக்குச் செத்தவர் யார், தனக்கு என்ன உறவு, அவர் தனக்கு என்ன செய்தார், யார் வரவில்லை, யார் தாமதமாக வந்தார் என்பதுதான் பாட்டின் சரக்கு. செத்தவர் இல்லாத ஒப்பாரியில் ‘பொன்னான மேனி’, ‘பூமாலை வாடிச்சே’ போன்ற பொதுவான சொற்கள்தான் மிஞ்சும். அதை மேடையில் பாடிக் கேட்டுவிட்டு, நம் பெண்களின் சோகத்தைக் கேட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு போகிறோம்.

பாரதி புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை இருந்தார். அந்தக் காலத்தில் அவர் எழுதிய குயில் பாட்டில், தன் நெஞ்சைப் பறிகொடுத்த பாட்டுகளைக் குயில் ஒரு பட்டியலாக அடுக்குகிறது: ஏற்றம் இறைப்பவர்கள் பாட்டு, நெல் குத்தும் பெண்கள் எழுப்பும் ஒலி, சுண்ணம் இடிப்பவர்கள் பண், பண்ணைப் பெண்கள் பழகிய பாட்டு. இந்தப் பாட்டுகளைப் பாரதி அவற்றுக்குரிய வேலையைச் சொல்லியே குறிப்பிடுகிறார் என்பது என்னைப் பலமுறை நிறுத்தி யோசிக்க வைத்திருக்கிறது. வேலை எவ்வளவு நேரம் நடந்ததோ அவ்வளவு நேரம் பாட்டும் நடந்தது. புதுவைத் தெருக்களிலும் தோப்புகளிலும் காது கொடுத்துத் திரிந்த அவருக்கு அந்த நேரம் கிடைத்தது.

காணும் பொங்கல் இரவு

அந்தச் சிற்றூரில் விழா பள்ளிக்கூடத் திடலில் நடந்தது. மாலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது எட்டு மணிக்குத் தொடங்கியது. வரவேற்புரை, சிறப்புரைகள், பரிசளிப்பு ஆகியவை போக மிஞ்சிய நேரத்தைக் கலைஞர்களுக்குப் பிரித்திருந்தார்கள். மேடையின் ஓரத்தில் ஒரு இளைஞர் மணியோடு உட்கார்ந்திருந்தார். நேரம் முடிந்ததும் மணி அடிப்பது அவர் வேலை. பம்பைக்காரர்கள் இரண்டாம் காலத்துக்குப் போவதற்குள் மணி அடித்தது. பறை வகை மேளங்களை அடிக்கும் பெரியமேளக் குழு, கூட்டம் வட்டமாக விலகி இடம் விடும் முன்பே இறங்க வேண்டியிருந்தது.

கூத்துக் குழு ஒன்று பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. அவர்களிடம் கர்ண மோட்சம் கேட்டிருந்தார்கள். கொடுத்தது பதினைந்து நிமிடம். வேடம் கட்டுவதற்கே அவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அரிதாரம் பூசி, கல்யாண முருங்கை மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பாவாடைக்குள் துணிகளை அடுக்கி நிற்கும்போது ஆள் இரு மடங்கு ஆகிவிடுகிறார். திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் பாடி, திரை விலக்கி, கிறுகி ஆடி, ‘கர்ண மகாராஜன் வந்தேனே’ என்று நிற்கும்போது மணி அடித்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. பத்திரிகைக்குப் படம் எடுத்தார்கள்.

அங்கே விடுபட்டது எது என்று கூத்துப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும். கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பேசிக்கொள்ளும் இடம் விடுபட்டது. அதைவிட முக்கியமாகக் கட்டியங்காரன் விடுபட்டான். கூத்தில் அரசர்கள் விருத்தம், தரு என்னும் பாட்டு வகைகளிலும், பாதி ஏட்டுத் தமிழிலும் பேசுகிறார்கள். கட்டியங்காரன்தான் நம் தெருப் பேச்சில் பேசுகிறவன். ராஜா சொன்னதை நமக்குப் புரியும்படி திருப்பிச் சொல்வான், ராஜாவையே கேள்வி கேட்பான், இடையில் ரேஷன் கடையையும் குண்டும் குழியுமான சாலையையும் இழுத்து விடுவான். எந்த ஊரில் ஆடுகிறார்களோ அந்த ஊரின் விவகாரம் அன்று மாலை டீக்கடையில் அவன் காதில் விழுந்திருக்கும். இரவு அது அரங்கத்துக்கு வந்துவிடும். எழுதிவைத்த பாடம் அவனுக்குக் குறைவு. இரவு முழுவதும் நடக்கும் கூத்தில் அவனுக்கு நேரம் உண்டு. பதினைந்து நிமிடக் கூத்தில் முதலில் வெட்டப்படுகிறவன் அவன். வட்டார வழக்கைக் கொண்டாடும் விழாவில் வட்டார வழக்கு பேசும் ஒரே பாத்திரத்துக்கு வாய் திறக்க இடமில்லாமல் போனது.

திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது இப்படி நடப்பதில்லை. பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார், அன்று சொன்ன கதை இரவில் கூத்தாக நடக்கும். அர்ச்சுனன் தபசில் மரம் ஏறிப் பாடுகிறவர் மேலேயிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் மடியேந்திக் காத்திருப்பார்கள். கடைசி நாள் விடியலில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன்மேல் அவன் சாவை நடிக்கும் படுகளம், மாலையில் தீமிதி. ஊர் முழுவதும் நாள்கணக்கில் அந்தக் கதைக்குள் இருக்கிறது. தூங்குகிறவர்கள் தூங்கி, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள் கொடுத்து, சண்டை நெருங்கும்போது எழுப்பிவிடச் சொல்லிப் படுத்து, பிறகு எழுந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்தத் தளர்வுக்குள்தான் கட்டியங்காரன் பேச முடிகிறது.

கூத்துக்கு அடுத்து ஒப்பாரி என்று அறிவித்தார்கள். அந்த ஊரிலேயே வயது எழுபதைத் தாண்டிய ஒரு மூதாட்டியை அழைத்து உட்கார வைத்திருந்தார்கள். அவர் கைகளை நான் அருகிலிருந்து பார்த்தேன். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, தோட்டின் எண்ணெய் பட்டு, விரல்நுனிகளும் உள்ளங்கை ரேகைகளும் கருத்துப்போயிருந்தன; கட்டைவிரலில் தோல் உரிந்து மீண்டும் மூடிய தழும்புகள். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் அந்த வேலையைச் செய்கிறார்கள், இருந்தாலும் எண்ணெய் தோலைத் தின்றுவிடுகிறது. ஒலிபெருக்கியை அவர் பக்கம் திருப்பியதும் அவர் பேசியது இதுதான்: “நல்ல நாளும் அதுவுமா யாரு செத்தாங்கன்னு நான் ஒப்பாரி வைக்கறது? ஊருக்கு ஆவுமா அது?”

திடல் ஒரு கணம் அமைதியானது. அமைப்பாளர் ஒருவர் குனிந்து, “சும்மா கலைக்காகத்தாம்மா, ஒரு ரெண்டு வரி” என்று கெஞ்சினார். “கலைக்காவ சாவ முடியுமா, தம்பி?” என்றார் அவர். பிறகு அவராகவே வழியும் சொன்னார். நடவுப் பாட்டு வேண்டுமானால் பாடுவதாகவும், தனியாகப் பாட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டு, கூட்டத்தில் இருந்த பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெண்ணையாற்றுப் பக்கக் கழனிகளுக்கு ஒரு காலத்தில் அவரோடு நடவுக்குப் போய்வந்தவர்கள் அவர்கள். நான்கைந்து பேர் ஏறினார்கள். தொடங்கினார்கள். பிள்ளையார், மாரியம்மன், நாற்று என்று தெரிந்த அடிகள் ஓடின. மணி அடித்தது. இறங்கிவிட்டார்கள்.

அவருக்கு முன்பாகவே அந்த ஊர்ப் பையன் ஒருவர், பாலிடெக்னிக் முடித்தவர், தன் ஆயாவை, அதாவது பாட்டியைப் பற்றி ஊர்ப் பேச்சிலேயே எழுதிய கவிதையோடு மேடை ஏறியிருந்தார். நான்கு பக்கம் எழுதியிருந்தார். நேரமில்லை, முக்கியமான இடத்தை மட்டும் வாசியுங்கள் என்றார்கள். அவர் கடைசிப் பத்து வரியை வாசித்தார். ஆயா போய்விட்டாள், வீடு வெறுமையாக இருக்கிறது என்பது அந்த வரிகளின் சாரம். யார் எழுதினாலும் அப்படித்தான் முடியும். ஆயா யார் என்பது முதல் மூன்று பக்கத்தில் இருந்தது.

வட்டாரக் கவிதையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது வருத்தமாகவே இருக்கும். த. பழமலய் எழுதிய ‘சனங்களின் கதை’ 1988இல் வந்தபோது அது இந்தப் பகுதியில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்குப் பெரிய தெம்பைக் கொடுத்தது. பெற்றவர்கள், உறவுக்காரர்கள், ஊர்ச் சனங்கள் ஆகியோரின் வாழ்க்கையை அவர்கள் பேசும் பேச்சிலேயே, விவரம் விவரமாக, அவசரமில்லாமல் சொன்னால் அது கவிதையாகும் என்று காட்டிய நூல் அது. அதன்பிறகு கண்மணி குணசேகரன் கவிதையும் கதையும் எழுதியதோடு நிற்காமல், நடுநாடு எனப்படும் இந்தப் பகுதியின் பேச்சுச் சொற்களை 2007இல் நடுநாட்டுச் சொல்லகராதியாகத் தொகுத்துக் கொடுத்தார். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்குகிறவர்களும், கொல்லையில் களை வெட்டுகிறவர்களும் பேசுகிற சொற்கள் அகராதி ஏறின. இத்தனைக்கும் பிறகு ஒரு பையன் துணிந்து தன் ஆயாவின் பேச்சில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தால், அந்தப் பேச்சை விட்டுவிட்டு உருக்கத்தை மட்டும் தா என்று கேட்கிறோம். விவரங்களுக்கு நேரம் ஆகும். வட்டாரக் கவிதை என்பதே விவரங்கள்தான்.

விருந்தினர்கள் போன பிறகு

பத்தரை மணிக்கு நன்றியுரை முடிந்தது. கார்கள் கிளம்பின. ஒலிபெருக்கிக்காரர் வயரைச் சுற்றத் தொடங்கினார். கூத்துக்காரர்கள் வேடத்தைக் கலைக்காமல் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வண்டி நள்ளிரவுக்குப் பிறகுதான் வரும். பெண்கள் சிலர் திடலிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது யாரோ அந்தப் பையனைப் பார்த்து, “எப்பா, உங்க ஆயாவப் பத்தி எழுதுனியாமே, முழுசாப் படி” என்றார்கள்.

அவர் உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஆயா முந்திரி பொறுக்கப் போகும்போது இடுப்பில் செருகிக்கொள்ளும் கோணியைப் பற்றி, கூடையைத் தலையில் வைத்தபடியே குனிந்து காலில் முள் எடுப்பதைப் பற்றி, வெற்றிலைப் பைக்குள் மருமகளுக்குத் தெரியாமல் பேரனுக்கு வைத்திருந்த சில்லறையைப் பற்றி. இரண்டாம் பக்கத்திலேயே பெண்கள் குறுக்கிட்டார்கள். “கோணி இல்ல அது, அவ மொதல்ல படுதாவதான் செருகிக்குவா, அப்பறந்தான் கோணி” என்றார் ஒருவர். “எனக்கும் அவளுக்கும் அந்தக் காட்டுலதான் சண்டை” என்றார் மற்றொருவர். பையன் நிறுத்தி, கேட்டு, பேனா வாங்கித் திருத்தி எழுதினார். நல்ல விமர்சகர்கள் கூட்டம் என்று நான் பல இடங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கவிதையை வரி வரியாக இவ்வளவு அக்கறையோடு விசாரித்த கூட்டத்தை வேறெங்கும் கண்டதில்லை.

அது முடிந்ததும் அந்த மூதாட்டி யாரும் கேட்காமலே மீண்டும் நடவுப் பாட்டை எடுத்தார். இந்த முறை மேடை இல்லை. பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கூத்துக் குழுவின் மிருதங்கக்காரர் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து, அளவோடு தொட்டு வாசித்தார். முகவீணைக்காரர் ஊதவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். தெரிந்த அடிகள் எல்லாம் ஓடின. பிள்ளையார் முடிந்தார், மாரியம்மன் முடிந்தாள், நாற்று முடிந்தது, மச்சான் சீண்டலும் முடிந்தது. அரைமணிக்கு மேல் ஆகியிருக்கும். பெண்கள் திருப்பிப் பாடிக்கொண்டிருந்த இடைவெளியில் அவர் தலையைக் குனிந்து யோசிப்பது தெரிந்தது. பிறகு இந்த அடிகளை எடுத்தார்:

பாட்டன் வச்ச பலாமரம், பந்தலாட்டம் நெழலு மரம்
ஒத்த ராவு காத்துலதான் ஒறங்கிப் போச்சே கொல்லையில
காத்தடிச்ச மறுநாளு கணக்கெடுக்க வந்தவரே
மரத்தத்தான் எண்ணுனீங்க, எங்க மனச எண்ணலியே

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, இந்தச் செம்மண் பூமியில் தலைமுறை தலைமுறையாக நின்ற முந்திரியும் பலாவும் ஓர் இரவில் வேரோடு சாய்ந்தன. பலா காய்ப்புக்கு வர வருடங்கள் ஆகும். பாட்டன் வைத்ததைப் பேரன் அறுத்துத் தின்பான். மரம் விழுந்தது ஒரு வருட வருமானம் போனதாக இங்கே யாருக்கும் தோன்றவில்லை, வீட்டில் ஒருவர் போனதாகவே தோன்றியது. அந்த அடிகளைப் பெண்கள் வாங்கித் திருப்பிப் பாடும்போது இரண்டு பேருக்குக் குரல் உடைந்தது. தாளம் நடவின் தாளம்தான், ஆனால் ‘எண்ணலியே’ என்று முடிக்கும் இடத்தில் ஒப்பாரியின் இழுப்பு அப்படியே இருந்தது. நல்ல நாளில் மனிதருக்கு ஒப்பாரி வைக்க மாட்டேன் என்றவர், மரங்களுக்காக அதை நடவுப் பாட்டுக்குள் வைத்துப் பாடினார். மேலும் நீண்ட நேரம் பாட்டு போனது. மரம் வெட்டும் இயந்திரம் வந்தது, விறகு விலை வந்தது, மகன் திருப்பூருக்குப் போனது வந்தது. அந்தத் திடலில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் வீட்டுக் கதையும் ஏதோ ஓர் அடியில் தட்டுப்பட்டது.

ஐந்து நிமிடத்தில் மணி அடித்தபோது எதை வெட்டினோம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பதிவு செய்வதும் உட்கார வைப்பதும்

பாடல்களைச் சேகரிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் காட்டிலிருந்து வந்து, 1989 முதல் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 2021 மே 17 அன்று மறையும்வரை புதுச்சேரியிலேயே வாழ்ந்தார். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுப்பதில் அவர் காட்டிய வழி, சொல்கிறவரை அவர் போக்கில் பேசவிட்டுக் கேட்பது. கதையிலிருந்து விலகி எங்கோ போனாலும் போகட்டும் என்று இருப்பது. பெரும்பாலும் அந்த விலகலில்தான் பொக்கிஷம் இருக்கும். இன்று கைப்பேசியில் பதிவு செய்கிற இளைஞர்கள் ஆர்வத்தோடுதான் போகிறார்கள். ஆனால் ஒரு நிமிடக் காணொளிக்கு ஏற்ற நான்கு அடியைப் பாடச் சொல்கிறார்கள். கிடைப்பது அதே பிள்ளையார், அதே நாற்று. நூறு ஊரில் பதிவு செய்தாலும் நூறு தொடக்கங்கள்தான் சேரும். பாட்டின் நடுவிலும் பின்பகுதியிலும் இருக்கிற ஊர், பாடுகிறவர் மூச்சோடு போய்விடும்.

நேரத்தைச் சொல்லும்போது உட்காரும் இடத்தையும் சொல்லாமல் விட முடியாது. அந்த விழாவில் பெரியமேளக்காரர்கள் மேடைக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர்களுக்கு நாற்காலி, அவர்களுக்கு மூங்கில் தடுப்புக்கு வெளியே தரை. ஊருக்குள் மாலை மரியாதை என்றால் அடிக்கக் கூப்பிடுகிறார்கள். அடித்து முடித்ததும் கூலியைத் தூரத்திலிருந்தே நீட்டுகிறார்கள். மேடையில் ‘ஆதி இசை’ என்று பாராட்டப்பட்டவர் கீழே இறங்கியதும் பழைய இடத்துக்கே போக வேண்டியிருக்கிறது. இதை மாற்றாமல் நடத்தும் எந்தக் கொண்டாட்டத்தையும் கொண்டாட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெருப்பில் சூடேற்றி மேளத்தின் தோலை முறுக்கேற்றும் நேரமும், ஒருவர் அடியை மற்றவர் வாங்கி மாற்றி அடிக்கும் நேரமும் அவர்களுடைய கலைதான்; அதை உட்கார்ந்து கேட்க வேண்டும், அவர்களும் நம்மோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பம்பை, பறை, மேளம் அடிக்கிறவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் சம்பளமும் முன்பணமாகப் போய்ச்சேர வேண்டும். சால்வைக்குச் செலவாகும் பணத்தை இதற்குத் திருப்பினாலே பாதி வேலை முடியும்.

இதை அந்த ஊர் இளைஞர்களிடம் சொன்னபோது அவர்கள் கோபப்படவில்லை. எட்டுக் குழுக்களை ஏன் அழைத்தோம் என்று அவர்களுக்கே வருத்தம் இருந்தது. ஒரு குழுவை விட்டால் அந்தத் தெரு கோபித்துக்கொள்ளும், இன்னொன்றை விட்டால் இந்தத் தெரு கோபித்துக்கொள்ளும் என்பது அவர்கள் சிக்கல். அது உண்மையான சிக்கல்தான். ஊர் விழா என்பது எல்லாத் தெருவையும் சமாதானப்படுத்தும் ஏற்பாடும்கூட. இருந்தாலும் பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். அடுத்த தையில் உரைகள் மாலையோடு முடிந்துவிடும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கூத்து ஒன்று மட்டும், விடியும்வரை. பெரியமேளம் தொடங்கி வைக்கும், விடியலிலும் அதுதான் முடித்து வைக்கும். நடவுப் பாட்டுக்கு மறுநாள் பகல் முழுவதும். மேடை வேண்டாம், ஏரிக்கரைப் புளியமரத்தடி போதும். பையன் தன் கவிதையை அங்கேதான் வாசிப்பார்; இப்போது அது ஆறு பக்கம் ஆகியிருக்கிறது.

அந்த மூதாட்டியிடம் போய்ச் சம்மதம் கேட்டிருக்கிறார்கள். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். கழனியில் அவருக்குப் பின்பாட்டு எடுத்த தோழி இப்போது மகள் வீட்டோடு புதுச்சேரியில், வில்லியனூர்ப் பக்கம் இருக்கிறாராம். அவரை அழைத்து வந்தால்தான் பாட்டு முழுசாக வரும், பாதி அடிகள் அவளிடம்தான் இருக்கின்றன என்றாராம். அந்தத் தோழிக்குக் கால் முடியவில்லை, பேருந்தில் ஏற இறங்க இயலாது. கார் வைத்து அழைத்துவர ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மகளிடம் பேசும் பொறுப்பைப் பையன் எடுத்துக்கொண்டிருக்கிறார்.